ரசனை ஒத்துவராத கூட்டாளியோடு பாட்டு எழுத ஒரு வழிகாட்டி

பாட்டு எழுதிப் பார்க்கலாம் என்று ஆசை வந்தவுடன் எவரும் தன்னைப் போலவே ரசனை உள்ள ஒருவரைத்தான் தேடுவார். கோலாலம்பூரில் அப்படி ஒருவர் கிடைக்கலாம். பெஸ்தாரி ஜெயா மாதிரி தோட்டப்புற ஊரில் கிடைக்கிறவர்தான் கூட்டாளி. (2007இல் பெயர் மாறினாலும் எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பவர் ஒருவர், உறுமி மேளக் குழுவில் நாலைந்து பையன்கள், கிட்டார் வைத்திருக்கும் ஒரு மலாய்க்கார நண்பர், ராப் எழுதி யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் ஒரு தம்பி. இவர்களில் எந்த இருவரைச் சேர்த்தாலும் ரசனை முட்டும். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு அது நல்லது என்பதே என் கட்சி. ஒரே மாதிரிப் பாட்டுக் கேட்டு வளர்ந்த இருவர் சேர்ந்தால், ஒருவர் காதில் விழாதது மற்றவர் காதிலும் விழாது.

இந்த நாட்டில் இது புதிதும் அல்ல. பினாங்கின் அல்லிகேட்ஸ் குழுவில் டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் பாடிப் பெயர் வாங்கியது மலாய்ப் பாட்டுகளில். அவற்றில் பலவற்றுக்கு மெட்டுப் போட்டவர் மலாய் இசையமைப்பாளர் எம். நாசிர். 2006இல் யோகி பி – நட்சத்திரா குழுவின் ஆல்பம் வந்தபோது, நம் ஊர்த் தமிழ் ராப் தமிழ்நாடு வரை போய் ஒலித்தது.

கீழே வரும் உதாரணங்கள் எனக்கும் என் கூட்டாளிக்கும் இடையே நடந்தவை. நான் பஜனையும் பழைய சினிமாப் பாட்டும் கேட்டு வளர்ந்தவன், கையில் கீபோர்டு. அவன் என்னைவிட இளையவன், உறுமிக்காரன், வீட்டுக்குப் போனால் ராப்.

யாரைப் பிடிப்பது

திறமையை இரண்டாவதாக வையுங்கள். சொன்ன நேரத்துக்கு வருவாரா, ஆரம்பித்ததை முடிப்பாரா என்று மட்டும் முதலில் பாருங்கள். கோவில் திருவிழாவில் மேளக் குழு சாமான் ஏற்றும் நேரத்தில் போய் நின்றால் தெரிந்துவிடும்: கடைசி வரை நின்று பம்பையைத் துணியில் சுற்றி வைக்கிறவர் யார், கொட்டி முடித்ததும் மோட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் யார் என்று. தமிழ்ப்பள்ளிக் கலை நிகழ்ச்சி, தேவாலயப் பாடகர் குழு, கல்யாணத்துக்குப் பாட வரும் ஆர்கெஸ்ட்ரா என்று தேட இடம் நிறைய இருக்கிறது.

ரசனை எவ்வளவு தூரம் விலகியிருந்தாலும் சரி. ஆனால் உங்களில் ஒருவர் மேடைக்காக எழுதுகிறவர், மற்றவர் பொழுதுபோக்குக்காக எழுதுகிறவர் என்றால் அது ஓடாது. அதை முதல் தே தாரிக் ஆறுவதற்குள் கேட்டுவிடுங்கள்.

முதல் சந்திப்பில் எழுதாதீர்கள்

முதல் நாள் கேட்பதற்கு மட்டும். ஆளுக்கு மூன்று பாட்டு கொண்டுவரட்டும். தனக்கு உயிராக இருக்கும் பாட்டுகள்தான் வேண்டும், மற்றவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துப் பொறுக்கியவை வேண்டாம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓடவிடுங்கள். முதல் முறை பேச்சே கூடாது. இரண்டாம் முறை, கொண்டுவராதவர்தான் பேச வேண்டும். அதிலும் ஒரு நிபந்தனை: பிடித்தது, பிடிக்கவில்லை என்ற பேச்சு கிடையாது. எந்த வினாடியில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும்.

சாதாரணமாகத் தெரியும் இந்தப் பயிற்சியில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது. நான் கொண்டுபோன பாட்டில் எனக்குப் பெரிதாகப் பட்டது சரணத்தின் கடைசி வரியில் மெட்டு மேலே ஏறும் இடம். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. “அண்ணே, பல்லவி திரும்பி வர்றதுக்கு முன்னால தபேலா நின்னுடுது. அதனாலதான் பல்லவி வந்ததும் நெஞ்சுல இடிக்குது” என்றான். வருஷக்கணக்காகக் கேட்ட பாட்டுதான். அந்த வெற்றிடம் என் காதுக்குப் புலப்பட்டதே இல்லை. பதிலுக்கு அவன் கொண்டுவந்த ராப்பில், சொற்கள் எல்லாம் ஒரே சுரத்தில் போவதாக அவன் நினைத்த இடத்தில், பாடகர் ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் கொஞ்சம் கீழே இறக்குகிறார் என்று காட்டினேன். அன்றிலிருந்து அவன் ராப் சொல்லும் விதமே மாறிவிட்டது.

கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். “மேளம் நிற்கிறது, நாலு தட்டு மௌனம்” என்று ஒரு வரி போதும். பிற்பாடு மாட்டிக்கொள்ளும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

பொதுவாக ஒரு பேச்சு

ஒருவர் பல்லவி என்பார், மற்றவர் ஹூக் என்பார். சரணமா வெர்ஸா என்று சண்டை வேண்டாம், எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வேகத்துக்கு மட்டும் எண் சொல்லிப் பழகுங்கள். “கொஞ்சம் விறுவிறுப்பா” என்று சொன்னால் உறுமிக்காரருக்கு ஒரு வேகம், பஜனைக்காரருக்கு வேறு வேகம். “90 பிபிஎம்” என்றால் நிமிடத்துக்கு 90 தட்டு, தகராறு இல்லை. வேகத்தை டிக் டிக் என்று தட்டிக் காட்டும் மெட்ரோனோம் செயலி போனில் இலவசமாகவே கிடைக்கும்.

தாளத்தில் ஒரு பயிற்சி. காவடிச் சிந்தின் நடை திஸ்ரம், மூன்று மூன்றாக: தகிட, தகிட. சினிமாப் பாட்டிலும் ராப்பிலும் பெரும்பாலும் சதுஸ்ரம், நாலு நாலாக: தகதிமி, தகதிமி. ஒருவர் தகிடவை நாலு முறை சொல்லட்டும், அதே நேரத்தில் மற்றவர் தகதிமியை மூன்று முறை சொல்லட்டும். இரண்டும் பன்னிரண்டு மாத்திரை. இருவரும் ஒரே வேகத்தில் சொல்லிவந்தால், அடுத்த சுற்றின் முதல் எழுத்தில் சேர்ந்து விழுவீர்கள். முதலில் நாக்கு குழறும், சிரிப்பு வரும். பழகிவிட்டால் ராப் வரிகளை மேளத்தின் மேல் எங்கே உட்கார வைப்பது என்று தானாகவே பிடிபடும்.

சுரத்தில் சந்திக்கும் இடம் இன்னும் சுலபம். கீபோர்டில் சி, டி, இ, ஜி, ஏ என்ற ஐந்து வெள்ளைக் கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சி-யை ஆதார சட்ஜமாக, அதாவது ‘ஸ’வாக வைத்தால் அது மோகன ராகம். அதே ஐந்தை ஏ-யிலிருந்து தொடங்கினால் சுத்த தன்யாசி. கிட்டார் பழகுகிறவர்கள் முதலில் கற்கும் மைனர் பென்டடோனிக் என்ற சுர வரிசைக்கும் அதே சுரங்கள்தான். கமகம், பிடிப்பு எல்லாம் வேறு, வித்வான்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கர்நாடக இசை கேட்டவரும் ராக் கேட்டவரும் சண்டையில்லாமல் உட்கார இதைவிட வசதியான திண்ணை எனக்குத் தெரியாது. பல்லவிக்கு சி மேஜர் கார்டு (சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டு) பிடித்து மோகனமாகப் பாடுங்கள், சரணத்துக்கு ஏ மைனருக்கு இறங்குங்கள். கட்டைகள் மாறவில்லை, பாட்டின் முகம் மாறிவிடும்.

ஒரு பாட்டுக்கு ஒரு வீட்டுக்காரர்

இருவருக்கும் பிடித்த மாதிரி, பாதிக்குப் பாதி என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி எழுதினால் இருவரும் எதிர்க்காத விஷயங்கள் மட்டும் மிஞ்சும். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஓடவிடும் பாட்டு மாதிரி, யாருக்கும் தொந்தரவு தராத ஒன்றுதான் கிடைக்கும்.

அதற்குப் பதில் முதல் பாட்டு ஒருவருடைய வீடு, மற்றவர் விருந்தாளி. அடுத்த பாட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் மூன்றை முடிவு செய்வார்: வேகம், அமைப்பு, எதைப் பற்றிய பாட்டு. விருந்தாளி தன் கைவரிசையை ஒரே ஒரு இடத்தில் காட்டலாம். ஆனால் அந்த இடத்தில் அவர் வைத்ததுதான் சட்டம், வீட்டுக்காரர் கை வைக்கக்கூடாது. எங்கள் முதல் பாட்டு என் வீடு. மேளம் முழுக்க அவன் பொறுப்பு. இரண்டாவது சரணம் முழுவதும் உறுமியை மட்டும் வைத்துவிட்டு, என் கீபோர்டை எடுத்துவிட்டான். உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் ஒன்றே ஒரு கார்டுக்குச் சமமாக நிற்கும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

முதல் பாட்டைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். 90 பிபிஎம்மில், நாலு தட்டு ஒரு பார் என்ற கணக்கில், 4 பார் முன்னிசை, 8 பார் பல்லவி, 16 பார் சரணம், மறுபடி 8 பார் பல்லவி. மொத்தம் 36 பார், 144 தட்டு, ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. முடிகிற அளவு அது. ஐந்து நிமிடப் பாட்டாக ஆரம்பித்தவை பல பேருடைய போனில் பாதியில் கிடக்கின்றன.

எதைப் பற்றி, எப்படி

பொருளை ஊரிலேயே எடுங்கள். காதல் தோல்வியைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி, பசார் மாலாமில் கச்சான் விற்பவர், பழைய ஈயக் குட்டையில் மீன் பிடிக்கும் பெரியவர், இடிந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) மிச்சம் நிற்கும் குழாயடி. இதில் எதை எடுத்தாலும் இருவருக்கும் தெரிந்தது, இருவரும் வேறு வேறு மாதிரி பார்த்தது.

நாங்கள் எடுத்தது ஃபேக்டரி பஸ். இருட்டு விலகுமுன் தோட்டத்து முனையில் வந்து நிற்கும், வேலைக்குப் போகிற பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். நான் எழுதிய முதல் வரி, “விடியலின் வாசலில் காத்திருக்கிறேன்.” கூட்டாளி படித்துவிட்டு, “யாரு அண்ணே அது, விடியலின் வாசல்ல நிக்கிறது? பஸ் ஸ்டாப்புல நம்ம பக்கத்து வீட்டு அக்கால்ல நிக்குது?” என்று கேட்டான். பிறகு இருவரும் அந்த முனையில் என்ன கேட்கும், என்ன தெரியும் என்று சொல்லச் சொல்ல எழுதினோம். கிடைத்தது இது:

அஞ்சரைக்கு ஆரன் அடிக்குது
அம்மா இன்னும் பொட்டலம் கட்டுது

பேச்சு மொழி, அவன் பங்கு. ஆனால் இதை நிறுத்தி வைத்திருப்பது பழைய இலக்கணம். வரி தொடக்கத்தில் அ, அ என்று மோனை. முதல் வரிக்குள்ளேயே அஞ்சரை, ஆரன், அடிக்குது என்று அது ஓடுகிறது. வரி முடிவில் அடிக்குது, கட்டுது என்று இயைபு. ராப்காரர்கள் ரைம் என்று தேடுவது பெரும்பாலும் இந்த இயைபைத்தான். மோனையையும் எதுகையையும் அவர்களுக்குக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் வரி முடிவில் மட்டும் ரைம் வைத்தால் மூன்றாவது வரியிலேயே கேட்பவருக்கு அடுத்த சொல் தெரிந்துவிடும். அப்புறம் இன்னொன்று: இரண்டு வரியையும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அஞ்-ச-ரைக்-கு-ஆ-ரன்-அ-டிக்-கு-து, பத்து. அம்-மா-இன்-னும்-பொட்-ட-லம்-கட்-டு-து, அதுவும் பத்து. எண்ணிக்கை ஒன்றானால் மெட்டில் உட்கார வைக்கும் வேலை பாதி முடிந்தது.

மெட்டு முதலில் இருந்தால் தத்தகாரத்தில் பாடிப் பதிவு செய்யுங்கள்: தன்னானா, தனனா என்று. சினிமாவில் மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்களுக்கும் பெரும்பாலும் இப்படித்தான் மெட்டைக் கொடுப்பார்கள். அதைக் கேட்டு எழுதுபவர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மெட்டு நீளும் இடத்தில் நெடில் வர வேண்டும், ஓடும் இடத்தில் குறில். ‘விடு’ என்ற சொல்லை இரண்டு தட்டு நீட்டிப் பாருங்கள், கேட்பவருக்கு ‘வீடு’ என்றுதான் காதில் விழும். ‘படம்’ நீண்டால் ‘பாடம்’. எங்கள் பல்லவியின் முடிவில் நீண்ட சுரம் ஒன்று இருந்தது. அதில் ‘வண்டி’யை வைத்தால் டி-யை இழுக்க வேண்டியிருந்தது, அசிங்கமாக இருந்தது. ‘அம்மா’வை அங்கே கொண்டுபோனோம், மா நீண்டது, சரியாகிவிட்டது. ஆங்கில ராப் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் குறில் நெடில் விஷயத்தைத் தவறவிடுவார்கள். பஜனைக்காரர்கள் இதில் கெட்டி, ஆனால் அவர்கள் எல்லாவற்றையும் இழுப்பார்கள்.

செய்து பார்த்துவிட்டுச் சொல்

சண்டை வரும். எங்களுக்கும் வந்தது. “ஏன் அண்ணே இந்தக் கீபோர்டு வாயை மூடவே மாட்டேங்குது?” என்று கேட்டான். “உன் மேளத்துக்கு யாராவது மூச்சு விட இடம் கொடுக்கச் சொல்லு தம்பி” என்றேன். இதற்கு ஒரே மருந்து: மற்றவர் சொன்ன யோசனையை வாயால் மறுக்கக்கூடாது. வாசித்துப் பதிவு செய்து, ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்று சொல்லலாம். வாயால் மறுத்தால் மறுப்பது ஆளை, பதிவைக் கேட்டு மறுத்தால் மறுப்பது சத்தத்தை. கீபோர்டு வாயை மூடிய பதிவைக் கேட்டபோது அவன் சொன்னதுதான் சரி. மேளத்துக்கு இடம் விட்ட பதிவில் நான் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

இரண்டு பதிப்பையும் அழிக்காமல் வையுங்கள். மறுநாள் காலையில் பசியாறும்போது மறுபடி கேளுங்கள். ராத்திரி நன்றாக இருந்த பல விஷயங்கள் காலையில் நிற்காது.

பதிவு

இதில் காசு செலவழிக்க வேண்டாம். போன், ஒரு இயர்போன், பேண்ட்லேப் மாதிரி இலவசச் செயலி போதும். அதில் ஒரே பாட்டை இருவரும் அவரவர் வீட்டிலிருந்து திறந்து வேலை செய்யலாம். மெட்ரோனோமை இயர்போனில் மட்டும் கேட்டுப் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் அந்த டிக் டிக் சத்தமும் பாட்டில் ஏறிவிடும். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வாய்ஸ் நோட்டாகப் பேசி அனுப்பினால் சத்தத்தின் தரம் குறைந்துவிடும்.

பிற்பகல் மழையில் தகரக் கூரைக்குக் கீழே குரல் பதிவு நடக்காது, முயற்சி செய்யாதீர்கள். காலை நல்லது. துணி நிறைய இருக்கும் அறை, மெத்தை சுவரில் சாய்த்த அறை எதிரொலியைக் குறைக்கும். உறுமியையும் பம்பையையும் அறைக்குள் வைத்து வாசித்தால் போன் திணறும். வெளியே வைத்து, போனைப் பத்தடி தள்ளி வையுங்கள். மேளத்துக்குப் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தோட்டத்தில் இது மரியாதை.

யாருடைய பாட்டு

கூட்டாளியோடு காசுப் பேச்சு கூச்சமாகத்தான் இருக்கும். பாட்டு முடிந்த அன்றே பேசிவிடுவது உத்தமம். மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பாட்டை எழுதியோ பதிவு செய்தோ வைத்தாலே பாதுகாப்பு உண்டு, பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. விரும்பினால் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் தெரிவித்து வைக்கலாம். வரிகள் ஒரு படைப்பு, மெட்டு இன்னொரு படைப்பு. எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டும் உரிமை நீடிக்கும். சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறப்பவரிலிருந்து அந்த 50 எண்ணப்படும். வானொலியிலும் மேடையிலும் ஒலிக்கும்போது வரும் பணத்தை இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் வசூலித்துக் கொடுக்க எம்ஏசிபி என்ற அமைப்பு இருக்கிறது.

ஒரு தாளில் ஐந்து வரி: பாட்டின் பெயர், தேதி, வரி யாருடையது, மெட்டு யாருடையது, ஆளுக்கு எத்தனை சதவீதம். இருவரும் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். மேளம் வாசித்தவருக்குப் பங்கு உண்டா என்பதையும் அங்கேயே எழுதுங்கள். வாசித்த தாளம்தான் பாட்டையே தூக்கி நிறுத்துகிறது என்றால் கொடுங்கள், கணக்குப் பார்க்க வேண்டாம். இணையத்தில் இலவசம் என்று எடுத்த பீட் (தயாராகக் கிடைக்கும் தாளப் பின்னணி) உள்ளே இருந்தால் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். பல பீட்டுகள் காசு சம்பாதிக்காத வரைக்கும்தான் இலவசம்.

முதலில் யாருக்குப் போட்டுக் காட்டுவது

நண்பர்களுக்கு வேண்டாம், அவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உங்கள் ஆட்களுக்கு அவரும், அவருடைய ஆட்களுக்கு நீங்களும் போட்டுக் காட்டுங்கள். நான் உறுமிப் பையன்களுக்குப் போட்டேன், அவன் என் பஜனைக் குழுவுக்குப் போட்டான். என்ன தோன்றியது என்று யாரிடமும் கேட்கவில்லை. எந்த இடத்தில் கை போனைத் தேடியது, எந்த இடத்தில் கால் தாளம் போட்டது என்று மட்டும் பார்த்தோம். பஜனைக் குழுவில் ஒரு பாட்டி உறுமி மட்டும் ஒலிக்கும் சரணத்தில் தலையாட்டிக்கொண்டே, “பொட்டலத்துல என்ன, நெத்திலி வச்சுதா?” என்று கேட்டாராம். அந்த நெத்திலி மூன்றாவது வரியில் ஏறியது.

அடுத்த பாட்டு அவன் வீடு. வேகம் 140 என்று இப்போதே சொல்லிவிட்டான்.